பெல்ட்டின் மேல் பழி போடுவதற்கு முன்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குச் செல்லும் சாலையில் அமைந்த திருவரங்குளம், அரங்குளநாதரும் பெரியநாயகி அம்மையும் எழுந்தருளியிருக்கும் புராதனமான சிவஸ்தலம் என்பதும், ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே தன் பெயரைக் கொடுத்த ஊர் என்பதும் இந்தப் பக்கத்து மக்கள் யாவரும் அறிந்த செய்திகள். குளத்துப் பாசனத்தில் நெல்லும், செம்மண் மேட்டு நிலங்களில் நிலக்கடலையும் முந்திரியும் விளைகிற இந்த வட்டாரத்தில், விளைந்ததை உண்ணத்தக்க பொருளாக மாற்றித் தருகிற அரவை மில்களும், கடலை உடைக்கும் யந்திரங்களும், எண்ணெய்ச் செக்குகளும் தகரக் கூரைகளின் கீழ் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில், மோட்டாரில் பிறக்கிற சக்தியை அரைக்கும் உருளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையைச் செய்வது ரப்பரும் நூலும் சேர்ந்த பெல்ட்தான். இத்தகைய யந்திரங்களைப் பழுது பார்ப்பதையே ஜீவனமாகக் கொண்டவன் என்ற முறையில், அந்தப் பெல்ட்டைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே இந்தப் பதிவில் எழுத விரும்புகிறேன்.

எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் மிகுதியானவை ஒரே விதமாகத்தான் தொடங்கும். “அண்ணே, பெல்ட்டு கத்துது, புதுசா ஒரு செட்டு எடுத்துக்கிட்டு வந்துருங்க” என்பார் மில்காரர். “பெல்ட்டு இருக்கட்டும் தம்பி, மொதல்ல மெயினை இறக்கி வைங்க, வந்து பாக்குறேன்” என்பேன் நான். இந்தப் பதிலில் அவருக்குத் திருப்தி ஏற்படுவதில்லை என்பதை அறிவேன். நெல் மூட்டைகளுடன் வாசலில் ஜனங்கள் காத்திருக்கும்போது, அறுந்ததை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டி உடனே ஓட்டவேண்டும் என்று தோன்றுவது மனித சுபாவம். ஆயினும் அனுபவத்தில் நான் கண்டறிந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் வற்புறுத்தி வருகிற விஷயம் ஒன்று உண்டு: காலத்துக்கு முன்பே கெட்டுப்போகிற பெல்ட், பெரும்பாலும் தன் குற்றத்தால் கெடுவதில்லை. புல்லியின் தேய்மானம், இரண்டு புல்லிகளும் ஒரே நேரில் நில்லாத கோணல், பேரிங்கின் இறுக்கம், இரும்புச் சட்டத்தின் தளர்ச்சி, ஓட்டுகிறவரின் அவசரம் ஆகிய இத்தனை தோஷங்களும் முதன்முதலில் வெளிப்படுகிற ஸ்தானம் பெல்ட். அதை மட்டும் மாற்றிவிட்டு நோயை உள்ளேயே விட்டுவைத்தால், புதிய பெல்ட்டும் அதே கதியை அடைவதற்கு அதிக நாள் ஆகாது.

மின்சாரம் கிராமங்களை எட்டாதிருந்த நாட்களில், மில் என்பது இன்றுள்ளதைப்போல் யந்திரத்துக்கொரு மோட்டார் வைத்த அமைப்பாக இருக்கவில்லை. ஒரு மூலையில் பெரிய ஆயில் எஞ்சின் ஒன்று நிற்கும். அதன் பாரமான சக்கரத்திலிருந்து புறப்படுகிற அகன்ற தட்டைப் பெல்ட், சுவரோரமாகவோ கூரைக்கு அடியிலோ நீள ஓடும் ஷாப்டைச் சுழற்றும். அந்த ஒரு ஷாப்டில் வரிசையாக மாட்டிய புல்லிகளிலிருந்து நெல் குத்தும் ஹல்லருக்கு ஒரு பெல்ட், மாவு அரைக்கும் கல்லுக்கு ஒன்று, மிளகாய் யந்திரத்துக்கு ஒன்று என்று கிளைகிளையாகச் சக்தி பிரிந்து போகும். ஹல்லர் என்று நாம் வழங்கும் யந்திரமோ, பிரேசில் நாட்டில் வாழ்ந்த எவரிஸ்டோ கொன்ராடோ எங்கல்பெர்க் என்பவர் 1880களில் காப்பிக்கொட்டைக்கும் நெல்லுக்குமாக அமைத்த கருவியின் சந்ததி. வார்ப்பிரும்புக் கூட்டினுள் வரிவரியாகப் புடைத்த உருளை ஒன்று சுழல, நெல்லோடு நெல் உரசி உமி கழலுகிற அந்த எளிய ஏற்பாடு, அரிசியைச் சற்று உடைத்துவிடுகிற குறை இருந்தும், எங்கள் பக்கத்துச் சிறிய மில்களில் இன்னும் மறைந்துவிடவில்லை. உரசலையே நம்பிய யந்திரமாதலால் அது சக்தியை மிகுதியாக விழுங்கும். ஆகையால் அதன் பெல்ட்டுக்கு எந்தக் காலத்திலும் ஓய்வில்லை.

அக்காலத்துத் தட்டைப் பெல்ட்கள் தோலாலும், ரப்பர் ஏற்றிய கனத்த துணியாலும் ஆனவை. கிளாஸ்கோ நகரத்து டிக் சகோதரர்களின் தொழிற்சாலை 1880களில், தென்னமெரிக்கக் காடுகளில் கிடைக்கும் பலாட்டா என்ற மரப்பாலைத் துணியில் ஊட்டிப் பெல்ட் செய்யத் தொடங்கியபின், உலகத்தின் பல பாகங்களிலும் அவ்வகைக்கு நல்ல மதிப்பு ஏற்பட்டது. தோல் பெல்ட்டின் வழவழப்பான பக்கமே புல்லியின் மேல் படியவேண்டும் என்பதும், தளர்ந்த ஓட்டம் மேற்பக்கமாகவும் இறுகிய ஓட்டம் கீழ்ப்பக்கமாகவும் வரும்படி யந்திரத்தை நிறுத்தவேண்டும் என்பதும் பழைய பிட்டர்கள் தவறாமல் கைக்கொண்ட நியமங்கள். மேற்பக்கம் தளர்ந்து தொய்யும்போது பெல்ட் புல்லியை இன்னும் சிறிது அதிகமாகத் தழுவிக்கொள்கிறது. அந்தத் தழுவலில்தான் பிடிப்பு இருக்கிறது. தட்டைப் புல்லியின் முகம் உண்மையில் தட்டையாக இல்லாமல், நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மேடிட்டிருப்பதை நான் பயிற்சிக் காலத்தில் முதன்முதலாகத் தடவிப் பார்த்தபோது, அது கடைசலின் பிழை என்றே எண்ணத் தோன்றிற்று. ஓடுகிற பெல்ட் எப்போதும் விட்டம் மிகுந்த இடத்தை நாடி ஏறும் இயல்புடையது. நடுவில் மேடு இருந்தால் பெல்ட் தானாகவே நடுவுக்கு வந்து நிற்கும். விளிம்புச் சுவர் எதுவும் இல்லாமலேயே மணிக்கணக்கில் பெல்ட் வழுவாமல் ஓடுவதன் ரகசியம் அந்தச் சிறு மேட்டில் அடங்கியிருக்கிறது. யந்திர சாஸ்திரத்தில் என் மனத்தை முதலில் கவர்ந்த விஷயம் இதுதான். இன்றும் அதை நினைக்கையில் எனக்கு ஆனந்தமாக இருக்கிறது.

ஆனால் அந்தத் தட்டைப் பெல்ட்கள் பலரைக் காவு கொண்டவை என்பதையும் மறந்துவிடலாகாது. ஷாப்ட் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கையாலோ கம்பாலோ பெல்ட்டைப் புல்லியின் மேல் ஏற்றுகிற வழக்கம் எங்கும் இருந்தது. எஞ்சினை நிறுத்தி மறுபடியும் கிளப்புவது பெரும் பிரயாசையாக இருந்ததே அதற்குக் காரணம். 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கிற எவரும், அதன் ஒவ்வொரு வாசகத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் கையை இழந்திருப்பார் என்று உணராமல் இருக்க முடியாது. ஓடுகிற யந்திரத்தில் பெல்ட்டை மாட்டுவதோ மாற்றுவதோ அவசியமானால், தனிப் பயிற்சி பெற்ற, வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர்தான், உடலோடு ஒட்டிய இறுக்கமான உடை அணிந்துகொண்டு, தம் பெயர் அதற்கென்றுள்ள பதிவேட்டில் எழுதப்பட்ட பிறகே அதைச் செய்யலாம் என்றது அந்தப் பிரிவு. அப்போதுங்கூடப் பெல்ட்டின் அகலம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமலும், அதன் இணைப்பு பெல்ட்டோடு சமமாகவோ நாடாவால் தைத்ததாகவோ இருந்தும், காலூன்றி நிற்க உறுதியான இடமும் சுற்றிலும் போதிய இடைவெளியும் இருந்தாலன்றி அவர் தொடக்கூடாது என்று மேலும் விதித்தது. சக்தி கடத்தும் பாகம் எதையும், அது இயங்கிக்கொண்டிருக்கும் வேளையில் துடைக்கவோ எண்ணெயிடவோ முடுக்கவோ பெண்களையும் சிறுவரையும் விடலாகாது என்று கண்டிப்பாகத் தடுத்தது. உபயோகத்தில் இல்லாத பெல்ட், சுழலும் ஷாப்டின்மேல் சும்மா தொங்கிக் கிடக்கக் கூடாது என்பது 24ஆம் பிரிவின் விதியாக இருந்தது. இவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்து எழுதிய அந்த வாசகங்களை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

இப்போது நம் மில்களில் நாம் காண்பது வி-பெல்ட். 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் மோட்டார் வண்டிகளுக்காக ரப்பரில் இவ்வகைப் பெல்ட்டைச் செய்தார் என்பார்கள். பல பெல்ட்களைப் பக்கம் பக்கமாக மாட்டித் தொழிற்சாலை யந்திரங்களை ஓட்டலாம் என்பதை 1920களில் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் கெய்ஸ்ட் நெசவாலைகளை மனத்தில் கொண்டு செய்துகாட்டினார். நமக்கு அண்டையிலுள்ள மதுரையிலேயே ஃபென்னர் நிறுவனம் வி-பெல்ட்களைச் செய்து வருவதால், புதுக்கோட்டைக் கடைவீதியில் வேண்டிய அளவு கிடைக்காமல் திண்டாடுகிற நிலை பெரும்பாலும் ஏற்படுவதில்லை. பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கிற பி 52 என்பது போன்ற குறியீட்டில், எழுத்து அதன் குறுக்களவையும் எண் உட்சுற்றளவை அங்குலத்திலும் குறிக்கும். ஏ வகை மேலகலம் 13 மில்லிமீட்டர், பி வகை 17, சி வகை 22. கடைக்குப் போகிறவர் பழைய பெல்ட்டைக் கையில் கொண்டுபோய், நீளத்தை விரலால் அளந்து, ஏறத்தாழ ஒத்திருப்பதை வாங்கி வருவது பிற்பாடு வருகிற தொல்லைகளுக்கெல்லாம் தொடக்கம். நீண்டு தேய்ந்த பழைய பெல்ட்டின் இன்றைய அளவு, அது பிறந்தபோது இருந்த அளவாக இராது. எண்ணைப் படித்துச் சொல்வதே முறை.

இந்தப் பெல்ட் எவ்வாறு பிடிக்கிறது என்பதைச் சிறிது கணக்கோடு சொல்லவேண்டும். இது விளங்காதவர் அதை எவ்வளவு இறுக்கலாம் என்பதையும் அறியமாட்டார். முரட்டுக் காளையின் கயிற்றை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவன்கூட நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடிகிறதல்லவா? 18ஆம் நூற்றாண்டின் கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர் ஆராய்ந்த சூத்திரம் அதே உண்மையைத்தான் அளவிட்டுச் சொல்கிறது. தழுவும் கோணமும் உராய்வும் கூடக் கூட, இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள இழுவிசை விகிதம் மடங்கு மடங்காகப் பெருகும். உராய்வு எண் 0.3 என்றும், பெல்ட் புல்லியைப் பாதிச் சுற்றுத் தழுவுகிறது என்றும் வைத்துக்கொண்டால், தட்டைப் பெல்ட்டில் அந்த விகிதம் ஏறத்தாழ இரண்டரை. அதே ரப்பரைப் புல்லியில் வெட்டிய 38 பாகைக் காடியில் ஆப்பு இறங்குவதுபோல் இறங்கச் செய்தால், பக்கச் சுவர்களின் நெருக்கத்தால் அது சூத்திரத்தின்படி 18 வரை உயர்கிறது; நடைமுறையில் ஐந்து என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவது வழக்கம்.

இதன் பயனைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 1440 சுற்றுச் சுற்றுகிற 10 குதிரைச் சக்தி மோட்டாரில் 5 அங்குலப் புல்லி இருந்தால், பெல்ட் விநாடிக்கு ஒன்பதரை மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் முழுச் சக்தியையும் கடத்துவதற்கு வேண்டிய இழுப்பு சுமார் 80 கிலோ. தட்டைப் பெல்ட்டானால் ஒரு பக்கம் 130 கிலோவும் மறு பக்கம் 50 கிலோவுமாக இழுத்துக் கட்டவேண்டும். ஷாப்டின் மேல் விழும் பாரம் 180 கிலோ. வி-பெல்ட்டுக்கு 100ம் 20மே போதும், மொத்தம் 120. பேரிங்குகளின் மீது இத்தனை பாரத்தைக் குறைப்பதற்காகவே அறிஞர்கள் காடியைக் கண்டுபிடித்திருக்க, நாமோ பெல்ட் வீணைத் தந்தியைப்போல் ஒலிக்கவேண்டும் என்று மோட்டாரைப் பின்னால் தள்ளித் தள்ளி போல்ட்டை முறுக்குகிறோம். இறுக்கம் அதிகமானால் முதலில் சூடாவது மோட்டாரின் முன்பக்கப் பேரிங். குறைந்தால் சூடாவது பெல்ட். பெல்ட்டின் உஷ்ணம் 10 பாகை செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இந்தத் தொழிலில் வழங்கும் கணக்கு. ஆகவே நிதானமான இறுக்கம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்து நிற்பதிலேயே இந்த வேலையின் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

வேலைக்குப் போனால் நான் கைக்கொள்ளும் கிரமத்தைச் சொல்கிறேன். மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொள்வேன். ஸ்டார்ட்டரை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்கிற பழக்கம் கூடவே கூடாது. மூன்றாம் மனிதர் ஒருவர், யந்திரம் ஏன் நிற்கிறது என்று எண்ணிப் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட ஒரு விநாடி போதும். பிறகு மோட்டாரின் அடிபோல்ட்களைத் தளர்த்தி, அதை முன்னால் நகர்த்தி, பெல்ட் கையோடு வரும்படி செய்து கழற்றுவேன். ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பி, புல்லியைச் சுற்றிவிட்டு ஏற்றி இறக்குகிறவர்கள், வெளியே ரப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மகிழ்கிறார்கள். உள்ளே இழுப்பைத் தாங்குகிற நூலிழைகள் அந்த ஒரு நெம்பலில் அறுந்துபோயிருக்கும். பெல்ட் பின்னொரு நாள் ஓட்டத்தில் குப்புறப் புரள்வதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

பெல்ட்களைக் கழற்றி வைத்திருக்கிற அந்த அரைமணி நேரம் மிகவும் விலைமதிப்புள்ளது. யந்திரமும் மோட்டாரும் ஒன்றையொன்று பற்றாமல் தனித்தனியே நிற்கிற சந்தர்ப்பம் அதைத் தவிர வேறில்லை. ஹல்லர் ஷாப்டைக் கையால் சுழற்றிப் பார்த்தால் பேரிங்கில் மணல் உருள்வதுபோன்ற உணர்ச்சி உண்டா என்பதும், மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் எவ்வளவு விளையாடுகிறது என்பதும் விரல்களுக்கே தெரிந்துவிடும். அதன்பின் புல்லிக் காடியைத் துணியால் துடைத்து, விளக்கைப் பிடித்துப் பார்க்கவேண்டும். நல்ல காடியின் சுவர் நேராக இருக்கும். தேய்ந்த காடியின் சுவர் கிண்ணம்போல் உட்குழிந்து, அடிப்பாகம் கண்ணாடிபோல் பளபளக்கும். அடி பளபளத்தால், பெல்ட் ஆப்பாகப் பதியாமல் அடியில் போய் உட்கார்ந்து ஓடியிருக்கிறது என்று பொருள். அந்தக் கணமே நான் மேலே சொன்ன விகிதமெல்லாம் போய், அது வெறும் ஒடுங்கிய தட்டைப் பெல்ட் ஆகிவிடுகிறது. சுவர் ஓர் அங்குலத்தில் 32இல் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் புல்லியை மாற்றிவிடுவதே சிக்கனம். இந்த இடத்தில்தான் மில்காரர்களோடு எனக்கு விவாதம் நேரும். பெல்ட்டைவிடப் புல்லி விலை அதிகம் என்பது மெய்தான். ஆனால் தேய்ந்த புல்லி, வருஷத்தில் எத்தனை பெல்ட்டை விழுங்குகிறது என்று அவரவர் வாங்கிய ரசீதுகளை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எங்கள் வட்டாரத்து மில்களில் காடி இவ்வளவு விரைவாகத் தேய்வதற்கு நிலத்திலும் விளைபொருளிலுமே காரணம் இருக்கிறது. உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிகா, அதாவது மணலின் மூலப்பொருள். ஹல்லர் அறையில் காற்றில் மிதக்கிற உமித்தூள் யாவும் நுண்ணிய உப்புத்தாளாக வேலை செய்து புல்லியை ராவிக்கொண்டிருக்கிறது. கடலை உடைக்கும் இடத்திலோ, மண்ணோடு பறித்த காயோடு வந்த செம்புழுதி அதே காரியத்தைச் செய்கிறது. எண்ணெய்ச் செக்கில் ஆபத்து வேறு விதம்: தெறிக்கும் கடலையெண்ணெயும், அளவுக்கு மிஞ்சித் திணித்த கிரீஸும் ரப்பரை ஊறவைத்துப் பொதபொதக்கச் செய்துவிடும். எண்ணெய் பட்ட பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்தவேண்டும். பெட்ரோலால் துடைப்பது தீப்பற்றும் அபாயத்தோடு ரப்பரையும் கெடுக்கும்.

பெல்ட் கத்தினால் அதன்மேல் குங்கிலியத்தூள் தூவுவதும், கடையில் விற்கும் மெழுகுக் கட்டியை ஓட்டத்திலேயே வைத்துத் தேய்ப்பதும் தட்டைப் பெல்ட் காலத்திலிருந்து தொடர்ந்து வருகிற கைவைத்தியம். தோல் பெல்ட்டுக்கு அதன் தோல் உலராமல் காக்கும் பூச்சு உண்மையிலேயே தேவைப்பட்டது. வி-பெல்ட்டுக்கு எந்தப் பூச்சும் வேண்டியதில்லை; பிசுபிசுப்பு ஏறினால் சப்தம் ஒரு நாள் அடங்கும், அதற்குப் பிறகு தூள் முழுவதையும் அது தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு காடியை அறுக்கத் தொடங்கும். இந்த வழக்கத்தை நம் மில்களிலிருந்து ஒழித்தே ஆகவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஓடுகிற பெல்ட்டின் அருகே கட்டியோடு கையைக் கொண்டுபோகவேண்டியிருப்பது ஒன்றே அதை வெறுக்கப் போதுமான நியாயம்.

புல்லிகள் சுத்தமானபின் நேர் பார்க்கவேண்டும். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதைப்போலவே, பெரிய புல்லியின் வெளி விளிம்பிலிருந்து சிறிய புல்லியின் வெளி விளிம்பு வரை நூலை இழுத்துப் பிடித்தால், நான்கு இடங்களிலும் நூல் ஒருங்கே தொடவேண்டும். ஒரு மீட்டர் தூரத்துக்கு 9 மில்லிமீட்டர் விலகினால் அது அரைப் பாகைக் கோணல். வி-பெல்ட் பொறுக்கும் எல்லை அதுவே. பெல்ட்டின் ஒரு பக்கச் சுவர் மட்டும் தேய்ந்திருந்தால் நூல் பிடிக்காமலேயே கோணலைச் சொல்லிவிடலாம். மோட்டார் நிற்கும் சிமெண்டு மேடையில் வெடிப்பு விழுந்தோ, அடிச்சட்டத்தின் போல்ட் தளர்ந்தோ இருந்தால், இன்று பார்த்த நேர் நாளைக்கு நில்லாது. அதை முதலில் சரிசெய்யவேண்டும்.

மூன்று பெல்ட் ஓடுகிற இடத்தில் ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது பலர் செய்கிற சிக்கனம். பழையவை இரண்டும் நீண்டு தளர்ந்திருக்க, நீளம் குறைந்த புதியது ஒன்றே பாரம் முழுவதையும் தாங்கி, மற்றவற்றுக்கு முன்பே செத்துவிடும். மூன்றையும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து, ஒரே செட்டாக மாற்றவேண்டும். நல்ல நிலையில் எடுத்த பழையவற்றைச் சுருட்டி, வெயிலும் எண்ணெயும் படாத இடத்தில் வைத்துக்கொண்டால், ஒற்றைப் பெல்ட் ஓடுகிற சிறிய யந்திரத்துக்கு உதவும்.

மாட்டியபின் இறுக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்கிற நிபுணர்கள் உண்டு. அவர்களுடைய அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் ஒருவருடைய விரல் மற்றொருவருடைய விரலாக இராதாகையால், அளவு ஒன்று இருப்பது நல்லது. இரண்டு புல்லிகளுக்கும் இடையே பெல்ட் தொடாமல் ஓடுகிற நீளத்தை அளந்து, அதன் நடுவில் செங்குத்தாக இழுத்தால், ஓர் அங்குல நீளத்துக்கு 64இல் ஒரு பங்கு வீதம் அது இறங்கவேண்டும். 32 அங்குல இடைவெளியானால் அரை அங்குலம். அவ்வளவு இறக்குவதற்கு எத்தனை கிலோ இழுப்பு வேண்டும் என்பது பெல்ட் வகைக்கும் புல்லி விட்டத்துக்கும் ஏற்பத் தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். எந்த மில்லிலும் தொங்குகிற ஸ்பிரிங் தராசே அதை அளக்கப் போதும். இவ்வாறு வைத்த இறுக்கமும் நிலையாக நிற்பதில்லை. புதிய ரப்பர் காடியில் படிந்து, நூலிழைகள் நீண்டு, முதல் இரண்டு நாளுக்குள் கணிசமாகத் தளர்ந்துவிடும். ஆகையால் ஒரு நாள் ஓடியபின் நிறுத்தி, மறுபடி அளந்து இறுக்கவேண்டும். பொங்கலுக்கு முன் அரவைக் கூட்டம் நெருக்குகிற நாட்களில் இந்த இரண்டாவது இறுக்கத்துக்காக மில்லை நிறுத்தச் சம்மதிப்பவர் அரிது. எனவே கார்த்திகை மாதத்திலேயே இவ்வேலையை முடித்துக்கொள்ளும்படி சொல்லி வருகிறேன். மின்சாரம் போய்த் திரும்புகிற வேளையில் ஹல்லரின் கூட்டில் நெல்லை அப்படியே நிரப்பி வைத்துக்கொண்டு மோட்டாரைக் கிளப்புவதும் பெல்ட்டைப் பாழாக்குகிற வழக்கம். நெல் இறங்கும் தகட்டை மூடி, உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டுக் கிளப்பினால், அந்தக் கீச்சிடும் சப்தம் பாதிக்கு மேல் எழவே எழாது.

இனி, நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுவதைச் சொல்கிறேன். விநாடிக்கு ஒன்பதரை மீட்டர் வேகத்தில் ஓடுகிற பெல்ட், புல்லிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு துணி நுனி சிக்கினால், விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் துணி உள்ளே போய்விடும். கையை இழுத்துக்கொள்ளவேண்டும் என்று மூளை நினைப்பதற்குக்கூட அந்த அவகாசம் போதாது. கிராமத்து மில் நகரத்துத் தொழிற்சாலை போன்றதல்ல. வேலியும் காவலாளும் இல்லாத அந்த அறைக்குள், தலைச்சுமையாக நெல்லைக் கொண்டுவருகிற பெண்கள் தாராளமாக வந்துபோகிறார்கள். தவிட்டை அள்ளக் குனிகையில் முந்தானை முன்னால் சரிகிறது. பின்னலும் கூடச் சரிகிறது. குழந்தைகள் தாயின் பின்னால் நிற்கின்றன. மின்சக்தியால் இயங்கி, பத்துப் பேரேனும் வேலை செய்கிற இடத்தைத்தான் 1948ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலை என்று கொண்டது. இரண்டு மூன்று பேரோடு நடக்கிற நம் மில்கள் இந்தக் கணக்குக்கு வெளியிலேயே நின்றன. சட்டம் வந்து கேட்காவிட்டாலும் ஆபத்து அதேதான்.

பெல்ட்டையும் புல்லியையும் மூடும் காவல் கூண்டு இல்லாத மில் ஒன்றிலும் நான் பெல்ட்டை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதில்லை. இடையில் கூண்டைக் கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். கேட்டால், அடிக்கடி கழற்ற நேரமாகிறது என்பார்கள். அது நியாயமான குறைதான்; எட்டு நட்டுகளைத் திருகவேண்டிய கூண்டை யாரும் திரும்ப மாட்டமாட்டார்கள். ஆகையால் உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே, கோண இரும்புச் சட்டத்தில் விரல் நுழையாத சிறுகண் வலையை அடித்து, ஒரு பக்கம் கீலும் மறுபக்கம் கொண்டியுமாக, கதவுபோல் திறக்கும்படி செய்யச் சொல்கிறேன். தகட்டால் மூடினால் காற்று புகாமல் பெல்ட் வெந்துவிடும்; வலையாக இருந்தால் காற்றோட்டத்தோடு, திறக்காமலேயே பெல்ட் ஆடுகிறதா, புரண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் வசதி. கூண்டு முன்பக்கத்தை மட்டும் மறைத்தால் போதாது. சுவரோரமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிற பின்பக்கத்தில்தான் உமி பெருக்குகிறவர் கையை நீட்டவேண்டியிருக்கும். இரண்டு பக்கமும், மேலும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கீழும் மூடி, கொண்டியில் ஒரு பூட்டையும் போட்டு, அதன் சாவியைப் பியூஸ் கட்டையோடு ஒரே வளையத்தில் கோத்துவிடும்படி சொல்கிறேன். அப்படிக் கோத்துவிட்டால், பியூஸைப் பிடுங்காமல் கூண்டைத் திறக்க ஒருவராலும் முடியாது. இந்த ஏற்பாட்டுக்கு ஆகிற செலவு ஒரு செட் புல்லியின் விலையை எட்டாது. கேட்கிற மில்காரர் யாராயினும், அளவெடுத்துக் கொடுக்க நான் கூலி வாங்குவதில்லை.